ஜம்பில் வண்டியின் மூக்கு கீழே குத்துகிறது, காற்றில் எப்படிச் சரிசெய்வது?

புழுதிப்பயணி:

எல்லாருக்கும் வணக்கம். டர்ட் பைக் ஓட்ட ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. வண்டி 250 ஃபோர் ஸ்ட்ரோக், ஒருவர் ஓட்டிய வண்டியைத்தான் வாங்கினேன். என் எடை 57 கிலோ. திருப்பங்கள், சின்ன மேடுகள், மணல் எல்லாம் ஓரளவு பழகிவிட்டன. இப்போது பயிற்சித் தடத்தில் இருக்கும் ஒரு டேபிள்டாப்தான் பிரச்சினை, அதாவது ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் தட்டையான மண் மேடை இருக்கும் மேடு. ஏற்றத்தின் உச்சியிலிருந்து அந்தப் பக்க இறக்கம் ஆரம்பிக்கும் இடம் வரை சுமார் 10 மீட்டர் இருக்கும்.

பத்து முறை தாண்டினால் ஏழெட்டு முறை, வண்டி தரையை விட்டதுமே முன்பக்கம் கீழே இறங்க ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் முன் சக்கரம் மட்டும் மேடையில் குத்தி என்னை ஹேண்டில்பாருக்கு மேலே தூக்கி எறிந்துவிட்டது. நல்லவேளை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று, எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்த மேட்டைப் பார்த்தாலே வயிற்றைப் பிசைகிறது.

ஹேண்டில்பாரை மேலே இழுத்துப் பார்த்தேன், ஒன்றும் ஆகவில்லை. காற்றில் இருக்கும்போது மூக்கைத் தூக்க என்னதான் செய்ய வேண்டும்? ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் தூக்கும் என்று ஒருவர் சொன்னார், இன்னொருவர் பிரேக்கை மிதி என்கிறார். இரண்டும் எனக்கு நேர் எதிராகத் தெரிகின்றன. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

செம்மண்தடம்:

முதலில் மணிக்கட்டு முழுக்கச் சரியாகட்டும் ப்ரோ. வீக்கம் இறங்கியதும் ஏறிவிடாதீர்கள். மணிக்கட்டில் சின்ன எலும்பு ஒன்று உடைந்தால் வெறும் சுளுக்கு மாதிரியே இருக்கும், முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு. கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் குழியில் அழுத்தினால் வலிக்கிறது என்றால் மறுபடி மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். காற்றில் என்ன செய்வது என்று கேட்கிறீர்கள், ஆனால் உங்கள் பிரச்சினை காற்றில் இல்லை, ஏற்றத்தில் இருக்கிறது. உச்சியைத் தொடுவதற்கு முந்தைய இரண்டு மூன்று மீட்டரில் உங்கள் வலது கை என்ன செய்கிறது? இதற்கு மட்டும் நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். புதிதாகத் தாண்டுகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல், உச்சி கண்ணுக்குத் தெரிந்ததும் கை தானாக ஆக்ஸிலரேட்டரை மூடிவிடும். அவர்களைக் கேட்டால் மூடவே இல்லை என்றுதான் சொல்வார்கள், பொய் சொல்ல மாட்டார்கள், அவர்களுக்கே அது தெரியாது.

அப்படி மூடினால் என்ன ஆகும் என்று பாருங்கள். ஃபோர் ஸ்ட்ரோக்கில் எஞ்சின் பிரேக்கிங் அதிகம், கையை விட்ட அந்த நொடியே வண்டி பிடித்து இழுத்த மாதிரி தயங்கும், எடை முன்னால் சாயும், முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் அமுங்கும், பின் சக்கரத்தைத் தாங்கும் ஷாக் மேலே எழும்பும், உங்கள் நெஞ்சும் ஹேண்டில்பார் மேல் போய் விழும். அந்த நிலையில் வண்டி தரையை விட்டால் மூக்கு கீழே போகாமல் வேறு எங்கே போகும்?

யாரையாவது பக்கவாட்டில் நிற்க வைத்து ஃபோனில் எடுக்கச் சொல்லுங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம், கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள். பின் சக்கரம் உச்சியை விடும் வரை எஞ்சின் சத்தம் ஒரே சீராக, அல்லது மிக லேசாக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். முன் சக்கரம் இல்லை, பின் சக்கரம். நடுவில் எங்கேயாவது சத்தம் விழுந்தால் அங்கேதான் கோளாறு.

மூன்றாம்கியர்:

மேலே சொன்னது சரி. கூடவே வண்டி மேல் நிற்கும் விதத்தையும் பாருங்கள் தம்பி. சிறு பிள்ளைகளுக்குப் பல வருடமாகக் கற்றுக்கொடுக்கிறேன், ஜம்பில் விழுகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது முழங்காலைத்தான்.

ஏற்றத்துக்கு வரும்போதே நின்றிருக்க வேண்டும். பாதத்தின் முன்பகுதி ஃபுட்பெக் மேல், முழங்கால் கொஞ்சம் மடங்கி, தொடையின் உள்பக்கமும் முழங்காலும் வண்டியை இறுக்கிக் கவ்வியிருக்க வேண்டும். முழங்கை வெளியே, தலை ஏறக்குறைய ஹேண்டில்பாருக்கு நேர் மேலே, இடுப்பு பின்னால். கால் கவ்வாவிட்டால் கைதான் வண்டியைப் பிடித்துத் தொங்கும், கை தொங்கினால் ஆக்ஸிலரேட்டரை ஒழுங்காக வைத்திருக்கவே முடியாது. வண்டியைக் காலால் பிடி, கையால் வழிகாட்டு என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். நிற்கிறேன் என்று கட்டையாக நிற்கவும் கூடாது. முழங்கால் நேராக விறைத்திருந்தால் உச்சியில் ஷாக் உதைக்கும் உதை அப்படியே உங்கள் இடுப்புக்கு வரும், மடங்கியிருந்தால் கால் அதை வாங்கிக்கொள்ளும்.

உட்கார்ந்தபடி தாண்டுவது இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். உட்கார்ந்தால் ஷாக் கூடுதலாக அமுங்கி உச்சியில் இன்னும் பலமாக உதைக்கும். பெரிய ஓட்டக்காரர்கள் திருப்பத்தை ஒட்டியே இருக்கும் மேடுகளில் கூடுதல் உயரத்துக்காக அதை வேண்டுமென்றே செய்வார்கள். அது பிற்பாடு.

கியர் என்ன போடுகிறீர்கள்? இரண்டில் எஞ்சினைக் கத்தவிட்டுக்கொண்டு வருகிறீர்கள் என்றால் மூன்றில் வந்து பாருங்கள். இரண்டில் கை துளி நழுவினாலும் வண்டி வெடுக்கென்று பிடிக்கும், மூன்றில் அந்த வெடுக்கு இருக்காது. ஏற்றத்தில் ஏறிக்கொண்டே கியர் மாற்றுவது மட்டும் கூடாது, அடிவாரத்துக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

பார்வை பற்றி ஒரு வார்த்தை. முன் மட்கார்டைப் பார்க்காதீர்கள். ஏறும்போது உச்சியைப் பாருங்கள், உச்சி தாண்டியதும் இறங்கப்போகும் இடத்தைப் பாருங்கள், அவ்வளவுதான்.

ஷாக்வேலை:

எல்லாரும் ஓட்டுகிறவர் தலையிலேயே பழியைப் போடுகிறீர்கள். நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். 57 கிலோ, ஏற்கெனவே ஒருவர் ஓட்டிய வண்டி, இந்த இரண்டைக் கேட்டதுமே எனக்கு ஷாக் மேல்தான் சந்தேகம்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நானும் பழைய வண்டிதான் வாங்கினேன். மாதக்கணக்கில் மூக்கு குத்திக்கொண்டே இருந்தது, எனக்கு ஓட்ட வரவில்லை என்றே முடிவுகட்டி விட்டுவிடலாம் என்று இருந்தேன். ஒருநாள் ஷாக்கின் அடியில் இருக்கும் ரீபவுண்ட் திருகை மூடிப் பார்த்து எண்ணினேன், முன்னால் வைத்திருந்தவர் அதை ஏறக்குறைய முழுக்கத் திறந்து வைத்திருந்தார். அதாவது அமுங்கிய ஷாக் திரும்பி எழும்புவதைத் தடுக்க ஒன்றுமே இல்லை. ஏற்றத்தில் அமுங்கி, உச்சியில் விடுதலையானதும் பின்பக்கத்தை எட்டி உதைக்கிறது. பின்பக்கம் மேலே போனால் முன்பக்கம் கீழே. நான் எவ்வளவு ஒழுங்காக ஆக்ஸிலரேட்டர் பிடித்தாலும் அது உதைக்கத்தான் செய்யும்.

நீங்கள் இன்றே பார்க்கலாம். வண்டியைத் தரையில் நிறுத்தி, சீட்டின் பின்பக்கத்தை இரண்டு கையாலும் முழு பலத்தோடு அமுக்கி விடுங்கள். பட்டென்று துள்ளி மேலே வந்து ஆடினால் ரீபவுண்ட் வேகமாக இருக்கிறது. நிதானமாக, ஆனால் தயங்காமல் எழுந்து அப்படியே நின்றால் சரி. வேகமாக இருந்தால் திருகைக் கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு கிளிக் திருப்புங்கள், ஓட்டிப் பாருங்கள், மறுபடி இரண்டு. மொத்தமாக மூடிவிடாதீர்கள், அப்புறம் தொடர் மேடுகளில் ஷாக் எழும்ப நேரமில்லாமல் அமுங்கியபடியே கிடக்கும். முதலில் எத்தனை கிளிக்கில் இருந்தது என்பதை எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள், இல்லாவிட்டால் திரும்பி வர வழி தெரியாது.

அடுத்தது சேக், அதாவது நீங்கள் ஏறியதும் வண்டியின் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்ற அளவு. ஸ்டாண்டில் ஏற்றிப் பின் சக்கரம் தொங்கும்போது அச்சிலிருந்து பின் மட்கார்டில் நேர் மேலே ஒரு புள்ளி வரை அளக்க வேண்டும். பிறகு ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறி, இன்னொருவரை அதே புள்ளியில் அளக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 100 முதல் 105 மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும், பெரிய வண்டிகளின் பின் சஸ்பென்ஷன் மொத்தம் 300 மில்லிமீட்டர் அளவுக்கு நகரும், அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. உங்கள் எடைக்கு 85 அல்லது 90 என்று வந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அப்படி இருந்தால் பின்பக்கம் எப்போதும் தூக்கியே நிற்கும், தாண்டும்போது இன்னும் தூக்கும். ஷாக் ஸ்பிரிங்கின் மேல் வளையத்தைத் தளர்த்தினால் கொஞ்சம் சரியாகும், அதிலும் வராவிட்டால் மென்மையான ஸ்பிரிங் போட வேண்டியதுதான்.

செம்மண்தடம்:

ஷாக்வேலை சொல்வதை மறுக்கவில்லை, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் ஒன்று. பத்தில் ஏழெட்டு முறை குத்துகிறது என்கிறார், மீதி இரண்டு மூன்று முறை நன்றாகப் போகிறது. ஷாக் மட்டுமே காரணம் என்றால் பத்தும் குத்தும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள் ப்ரோ, எது வேலை செய்தது என்றே தெரியாமல் போய்விடும். வீடியோ முதலில், திருகு பிறகு.

நிறைவேகம்:

நான் இயற்பியல் பக்கத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் ஹேண்டில்பாரை இழுத்தேன், ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தீர்கள். ஆகாது. தரையை விட்ட நொடியில் வண்டியும் நீங்களும் சேர்ந்த எடையின் மையம் எந்த வளைகோட்டில் போகும் என்பது முடிவாகிவிடுகிறது. வேகமும் புறப்படும் கோணமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன, பிடித்து இழுப்பதற்குக் காற்றில் ஒன்றும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏற்றம் 25 டிகிரி, புறப்படும் இடமும் இறங்கும் இடமும் ஒரே உயரம், காற்றின் தடையை விட்டுவிடலாம். மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தால் ஏறக்குறைய 9.6 மீட்டர் பறப்பீர்கள். 45 கிலோமீட்டரில் வந்தால் 12.2 மீட்டர். வெறும் 5 கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டரை மீட்டர் வித்தியாசம். அதனால்தான் உச்சிக்கு முன் கை நழுவினால் மூக்கும் குத்துகிறது, தூரமும் குறைந்து மேடையிலேயே விழுகிறீர்கள். இரண்டும் ஒரே தவறிலிருந்து வருகின்றன. இன்னொன்றையும் கவனியுங்கள், அந்த 9.6 மீட்டரைக் கடக்க ஒரு விநாடிகூட ஆகாது. அந்த நேரத்துக்குள் தவறைக் கண்டுபிடித்து, யோசித்து, சரிசெய்ய வேண்டும்.

சரி, ஆக்ஸிலரேட்டரும் பிரேக்கும் ஏன் வேலை செய்கின்றன? காற்றில் வண்டியின் மொத்தச் சுழற்சி மாறாது, ஆனால் சக்கரத்துக்கும் வண்டிக்கும் இடையில் அதைக் கைமாற்றலாம். சக்கரம் முன்னோக்கிச் சுழல்கிறது. அதை இன்னும் வேகமாகச் சுழற்றினால் வண்டியின் உடல் எதிர்ப்பக்கம் திரும்பும், அதாவது மூக்கு எழும்பும். பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை நிறுத்தினால் அதன் சுழற்சி வண்டிக்கு வந்துசேரும், மூக்கு இறங்கும். ஆக உங்களிடம் சொன்ன இருவரும் வேறு வேறு நிலைமைக்குச் சொல்லியிருக்கிறார்கள். மூக்கு இறங்குகிறதா, முறுக்குங்கள். மூக்கு அளவுக்கு மீறி வானத்தைப் பார்க்கிறதா, பின் பிரேக்.

கையால் உணர்ந்து பார்க்க ஒரு வழி. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, முன்னால் ஒருவரை உறுதியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, கியர் போட்டுப் பின் சக்கரத்தைச் சுழலவிடுங்கள். கிளட்சைப் பிடித்துப் பின் பிரேக்கைத் தட்டுங்கள். வண்டி மொத்தமும் முன்னால் ஒரு குதி குதிக்கும். அந்தக் குதிப்புதான் காற்றில் மூக்கை இறக்குகிறது. சங்கிலியின் பக்கம் யாருடைய கையும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம்கியர்:

நன்றாகச் சொன்னீர்கள். நடைமுறையில் இரண்டு இடத்தில் தவறுவார்கள், அதையும் சேர்த்துவிடுகிறேன்.

முறுக்கும்போது இடது விரல் பயத்தில் கிளட்சைப் பிடித்துவிடும். அப்போது எஞ்சின் மட்டும் கத்தும், சக்கரம் வேகம் எடுக்காது, ஒன்றும் நடக்காது. ஏற்கெனவே எஞ்சின் உச்ச வேகத்தில் இருந்தாலும் அதே கதைதான், மேலும் சுழற்ற இடமில்லை. மூன்றில் வாருங்கள் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிரேக் தட்டும்போது கிளட்ச் பிடிக்க மறந்தால் எஞ்சின் நின்றுவிடும். நின்ற எஞ்சினோடு இறங்கினால் பின் சக்கரம் தரையில் பட்டதும் பிடித்துக்கொள்ளும், வண்டி முன்னால் தள்ளும். எனவே கிளட்ச், ஒரு தட்டு, பிரேக்கிலிருந்து கால் எடு, கிளட்சை விடு, ஆக்ஸிலரேட்டர் கொடு. பின் சக்கரம் சுழன்றுகொண்டுதான் தரையைத் தொட வேண்டும். முன் பிரேக் மேல் விரலே வேண்டாம்.

இறங்கும்போது வண்டியின் சாய்வும் இறக்கத்தின் சாய்வும் ஒன்றாக இருந்தால் இரண்டு சக்கரமும் ஒன்றாக, மெத்தையில் வைத்த மாதிரி உட்காரும். மேடையில், சமதளத்தில் இறங்க நேர்ந்தால் பின் சக்கரம் கொஞ்சம் முன்னதாகத் தொடட்டும், முழங்கால் மடக்கி வாங்குங்கள்.

வேகக்காற்று:

அண்ணா, அக்கா, ஒரு சந்தேகம். காற்றில் வண்டியைப் படுக்கவைத்துத் தாழ்வாகப் போவார்களே, ஸ்க்ரப், அதைக் கற்றுக்கொண்டால் உயரமே போகாமல் தப்பிக்கலாம் இல்லையா? உயரம் குறைந்தால் பயமும் குறையும்தானே?

செம்மண்தடம்:

வேண்டாம் தம்பி. 2000களில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் அதைப் பிரபலமாக்கியது பயத்தைக் குறைக்க இல்லை, காற்றில் வீணாகும் நேரத்தைக் குறைக்க. ஏற்றத்தில் முழு வேகத்தில் ஏறிக்கொண்டே வண்டியைச் சாய்த்து, உச்சியின் உதையைப் பக்கவாட்டில் வாங்கி, காற்றில் மறுபடி நேராக்கி இறங்க வேண்டும். நேராகத் தாண்டுவது தூக்கத்தில்கூட வரும் என்ற நிலைக்குப் பிறகுதான் அதைத் தொட வேண்டும். உயரம் குறைய வேண்டுமா, வேகத்தைக் குறைத்து மேடையின் மேல் இறங்கு. டேபிள்டாப் அதற்குத்தான் இருக்கிறது, குறைவாகப் பறந்தாலும் கீழே மண் இருக்கும். நடுவில் பள்ளம் இருக்கும் டபுளில் அந்த மன்னிப்பு கிடையாது.

புழுதிப்பயணி:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மணிக்கட்டைத் திரும்பக் காட்டினேன், எலும்பு நன்றாக இருக்கிறது.

விழுந்த அன்று ஒரு நண்பர் எடுத்த பழைய வீடியோ இருந்தது. கண்ணை மூடிக் கேட்டேன். செம்மண்தடம் சொன்னது அப்படியே இருந்தது, எஞ்சின் ஏறிக்கொண்டே வருகிறது, உச்சிக்குச் சற்று முன்னால் சத்தம் சட்டென்று அடங்குகிறது, பிறகு வெறும் சங்கிலி சத்தம், பிறகு இடி. நான் மூடவில்லை என்று சத்தியமே செய்திருப்பேன்.

முதல் நாள் மேட்டின் மேல் உருட்டிக்கொண்டுதான் போனேன். பிறகு மூன்றாம் கியரில், முழங்காலை இறுக்கி, மேடையின் நடுவில் மட்டும் இறங்குகிற மாதிரி. ஒரே சத்தம், ஒரே சத்தம் என்று ஹெல்மெட்டுக்குள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஏறினேன். பத்தில் இரண்டோ மூன்றோதான் குத்தியது, அதுவும் லேசாக.

அடுத்த நாள் ஷாக்கைப் பார்த்தேன். ஷாக்வேலை அண்ணா, நீங்களும் தப்பில்லை. சீட்டை அமுக்கி விட்டால் துள்ளுகிறது. ரீபவுண்ட் முழு மூடலிலிருந்து 19 கிளிக் திறந்திருந்தது, இப்போது 13இல் வைத்திருக்கிறேன். சேக் 88 வந்தது, வளையத்தைத் தளர்த்தி 98 வரை கொண்டுவந்தேன், அதற்கு மேல் போனால் ஸ்பிரிங் தளர்ந்து ஆடுகிறது. இப்போது குத்துவது நின்றேவிட்டது.

நேற்று 10 மீட்டரையும் தாண்டி இறக்கத்தில் இறங்கினேன். சத்தமே இல்லை, வண்டி இறங்கியதே தெரியவில்லை, அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் இப்போது சில முறை மூக்கு மேலே தூக்குகிறது, பின் சக்கரம் முதலில் பட்டு, முன்பக்கம் தொப்பென்று விழுகிறது. இது எதனால்?

மூன்றாம்கியர்:

ரொம்ப சந்தோஷம் தம்பி! தூக்குவதற்கு அநேகமாக இரண்டு காரணம். விழுந்த பயத்தில் இடுப்பை அளவுக்கு மீறிப் பின்னால் தள்ளுகிறீர்கள், கை நேராகிவிடுகிறது, கை நேரானால் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தொங்குவீர்கள். அல்லது உச்சியில் சத்தத்தை விடக் கூடாது என்று நினைத்துக் கடைசி நேரத்தில் கூடுதலாக முறுக்குகிறீர்கள். வீடியோவில் இந்த முறை சத்தத்தோடு முழங்கையையும் பாருங்கள், உச்சியில் மடங்கியிருக்கிறதா என்று. தலை ஹேண்டில்பாருக்கு மேலேயே இருந்தால் பாதி சரியாகிவிடும். பின் பிரேக் தட்டுவதை முதலில் சின்ன மேட்டில், மூக்கு தூக்காதபோதே சும்மா செய்து பழகுங்கள், கிளட்சும் காலும் ஒன்றாக வரும் வரை.

ஷாக்வேலை:

98 போதும், இப்போதைக்கு விடுங்கள். ஆனால் ஸ்பிரிங் ஆடுகிற அளவுக்குத் தளர்த்தி ஓட்டாதீர்கள். இரண்டு கையால் பிடித்துத் திருகினால் ஸ்பிரிங் அசையக் கூடாது. ஸ்பிரிங் மாற்றும்போது உங்கள் எடையை உடுப்போடு சேர்த்துச் சொல்லி வாங்குங்கள், பூட்ஸும் ஹெல்மெட்டும் கவசமும் சேர்ந்து ஏழெட்டு கிலோ வரும். விழுந்தபோது தலை மோதியிருந்தால் அந்த ஹெல்மெட்டையும் மாற்றிவிடுங்கள், வெளியே கீறல் இல்லாவிட்டாலும்.